மாத்திரைக்குப் பின்னால் ஒரு மனிதர்

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில், கரும்பு வயல்களும் சர்க்கரை ஆலையும் சூழ அமைந்த ஊர் நெல்லிக்குப்பம். அவ்வூரிலும் அதைச் சுற்றியுள்ள கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் நள்ளிரவில் கதவைத் தட்டி, உறங்குவோரை எழுப்பி, விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துச் செல்லும் நலவாழ்வுப் பணியாளர்களை முதியோர் பலரும் அறிவர். பகலில் வராமல் இரவில் ஏன் வருகிறார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதற்குக் காரணம் இருந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்கள் பகலெல்லாம் உடலின் உட்பகுதியில் பதுங்கியிருந்து, இரவில்தான் தோலை ஒட்டிய குருதிக் குழாய்களுக்கு வருகின்றன. அவற்றைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே.

பின்னர் அப்பணியாளர்கள் ஆண்டுக்கொருமுறை பகலில் வீடுவீடாக வந்து, தங்கள் கண்ணெதிரிலேயே விழுங்கச் சொல்லி மாத்திரைகளைக் கொடுத்தனர். டைஎதில்கார்பமசின் என்பது அம்மாத்திரையின் பெயர். நாவில் எளிதில் நுழையாத அப்பெயரை மக்கள் நினைவில் கொள்ளவில்லை. யானைக்கால் மாத்திரை என்றே அழைத்தனர். அம்மருந்தை உலகுக்குத் தந்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர் என்பதை அறிந்தோர் அவர்களுள் மிகச் சிலரே. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாம் முயற்சியில் தேறியவர்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த கோதாவரிப் பகுதியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த்துறையில் பணியாற்றியவர். உடல்நலக் குறைவால் வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்றவர். தாய் வெங்கம்மா. பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று எண்ணிய சிறுவன், உறவினன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினான். தாயின் ஏற்பாட்டால் வழியிலேயே பிடித்துக் கொண்டுவரப்பட்டான்.

படிப்பிலும் அவர் முதல்வரிசை மாணவராக இருந்ததில்லை. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்றார். மகனைப் படிக்க வைத்தே தீர்வது என்று உறுதி பூண்டிருந்த தாய், தம் நகைகளை விற்று அவரைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முயற்சியில் தேறினார். அதன்பின் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு. அக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியரோடு ஏற்பட்ட பழக்கம் அவருக்குத் துறவறத்தின்மேல் நாட்டத்தை உண்டாக்கியது. தாயின் ஒப்புதலின்றித் துறவு பூண இயலாது என்றனர் மடத்தார், தாய் ஒப்பவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்ய மருத்துவமும் ஒரு வழியே என்னும் அறிவுரையை ஏற்று, 1915ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவில் ஒரு பங்கைக் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி ஏற்றார். அவருடைய மகள் சேஷகிரியை 1919ஆம் ஆண்டு மே மாதம் சுப்பாராவ் மணந்தார்.

காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று அயல்நாட்டுத் துணியைத் துறந்த மாணவர்களுள் அவரும் ஒருவர். அறுவை அரங்கிலும் கதரால் ஆன மேலாடையையே அணிந்து வந்தார். அறுவை மருத்துவம் கற்பித்த ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்திருந்தும், 1921இல் படிப்பு முடிந்தபோது அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கப்படவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர விண்ணப்பித்தார், இடமில்லை. ஓர் ஆடையின் விலை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அந்த மாணவர் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் அதற்காக அவர் பின்னாளில் வருந்தியதாகத் தெரியவில்லை.

எட்டு நாள்களில் இருவர்

இதற்கிடையில் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துயரம் அவருடைய வாழ்வின் திசையையே மாற்றியது. அவருடைய உடன்பிறந்தார் இருவர், எட்டே நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். நம் நாட்டு மருத்துவர் கிராணி என்று வழங்கிவந்த, மேலைநாட்டார் வெப்பமண்டல ஸ்புரூ என்று பெயரிட்ட நோய் அவர்களுடைய உயிரைக் கவர்ந்தது. உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச மறுக்கும் நோய் அது. ஓயாத கழிச்சல், நாக்குப் புண், குருதிச் சோகை, உடல் மெலிவு என வளர்ந்து ஆளைக் கொல்லும். அன்றைய ஆங்கில மருத்துவத்தில் அதற்குத் தக்க மருந்தில்லை. பின்னர் சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்திலும் மேலை மருத்துவத்திலும் வல்லவரான மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவம் அவரைக் காத்தது.

அரசுப்பணி கிட்டாத சுப்பாராவ், அதே லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளர் ஆனார். தம்மைப் பிழைக்க வைத்த மூலிகைகளில் எந்தப் பொருள் அப்பணியைச் செய்தது என்று அறிய அவர் விரும்பினார். அதை அறிவதற்குரிய வேதியியல் பயிற்சியும் கருவிகளும் சென்னையில் இல்லை. கல்லூரிக்கு வந்திருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவருடன் நிகழ்ந்த உரையாடல், அமெரிக்கா செல்லும் எண்ணத்தை அவருக்கு ஊட்டியது. காக்கிநாடா சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் மாமனார் திரட்டிய தொகையும் கொண்டு புறப்பட்டார். கருவுற்றிருந்த மனைவியிடம், மூன்றாண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சென்றார். 1922ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பாஸ்டன் நகரில் அவர் இறங்கியபோது கையில் இருந்த பணம் மிகச் சொற்பம்.

திரும்பி வருவேன் என்ற சொல்லை அவரால் காக்க இயலவில்லை. ஊரில் பிறந்த ஆண் குழந்தை, தந்தையின் முகத்தைக் காணாமலே இறந்தது. சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் பார்க்கவேயில்லை. சுப்பாராவின் அறிவியல் வெற்றிகளை எழுதுவோர் பலரும் இதை ஒற்றை வரியில் கடந்து செல்வர். ஆனால் அவ்வெற்றிகளுக்காக வாழ்நாள் முழுவதும் விலை கொடுத்தவர்களுள் அந்த அம்மையாரும் ஒருவர் என்பதை மறத்தல் ஆகாது.

நீல நிறம் சொன்ன செய்தி

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். எல்.எம்.எஸ். சான்றைக்கொண்டு மருத்துவமனையில் மருத்துவராகும் வாய்ப்பு இல்லை. ஆகவே பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேர ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலத் தட்டுகளைக் கழுவும் வேலையைச் செய்தார். பகலில் படிப்பு, இரவில் இந்த வேலை. பட்டயம் பெற்றபின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில், சைரஸ் ஃபிஸ்கே என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவரானார்.

குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அந்நாளில் நெடுநேரம் பிடிக்கும் கடினமான வேலை. என்புருக்கி முதல் சிறுநீரகக் கோளாறு வரை பல நோய்களை அறிய அவ்வளவு தேவைப்பட்டது. ஃபிஸ்கேவும் சுப்பாராவும் அதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டனர். அமிலக் கரைசலில் பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் சேர்ந்து உண்டாக்கும் பொருளை, தகுந்த ஒடுக்கியால் ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். நிறத்தின் அடர்த்தியை ஒப்பிட்டு அளவைக் கூறிவிடலாம். 1925ஆம் ஆண்டு வெளியான அம்முறைக்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே பெயர். நூறாண்டுகள் கடந்தும் உயிர்வேதியியல் மாணவர்களின் செய்முறை ஏடுகளில் அப்பெயர் இருக்கிறது.

அம்முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது வியப்பான ஒன்று நிகழ்ந்தது. வழக்கமாகச் சில நிமிடங்களில் நிலைபெற்றுவிடும் நீல நிறம், தசைச் சாற்றில் மட்டும் மெல்ல மெல்ல ஆழ்ந்துகொண்டே போயிற்று. முறையில் பிழை இருக்கிறது என்று கருதி அதை ஒதுக்கியிருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்திருப்பர். அவர்கள் ஒதுக்கவில்லை. தொடக்கத்தில் பாஸ்பேட்டாக இல்லாத ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது. அதனால்தான் நிறம் காலந்தாழ்ந்து கூடுகிறது என்று ஊகித்தனர். அப்பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, பாஸ்பேட்டுக்கு இணையான அளவில் கிரியேட்டின் என்னும் பொருளும் அதில் பிணைந்திருப்பது தெரிந்தது. தசை இயங்கும்போது அது குறைந்தது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் நிறைந்தது. பாஸ்போகிரியேட்டின் எனப் பெயர்பெற்ற அப்பொருளைப் பற்றி 1927இல் அறிவித்தனர். ஏறக்குறைய அதே காலத்தில் இலண்டனில் எகிள்ட்டன் இணையரும் தனியே அதைக் கண்டிருந்தனர்.

இக்கண்டுபிடிப்பின் அருமையை உணர அதற்கு முந்தைய நிலையை அறிதல் வேண்டும். தசை சுருங்குவதற்குரிய ஆற்றல் லாக்டிக் அமிலம் உண்டாவதிலிருந்தே கிடைக்கிறது என்பது அன்றைய அறிஞர்களின் கொள்கை. தசையியல் ஆய்வுக்காக ஆர்ச்சிபால்டு ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் ஆகியோருக்கு வழங்கப்பட்ட 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு அக்கொள்கைக்கு மேலும் வலுவூட்டியிருந்தது. பாஸ்போகிரியேட்டின் அக்கொள்கையை அசைத்தது. 1929இல் சுப்பாராவும் ஃபிஸ்கேவும் தசையிலிருந்து மற்றொரு பாஸ்பரஸ் சேர்மத்தையும் பிரித்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதைக் கண்டறிந்தார். அதுவே அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என்று உயிரியல் வகுப்பில் கற்பிக்கப்படும் அதே பொருள்.

நீரிழிவு ஆய்விலும் ஏ.டி.பி.க்குத் தனியிடம் உண்டு. உணவு உண்டபின் குருதியில் சர்க்கரை ஏறுகிறது. கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் அதை உட்கொண்டு எரிக்கும்போது, அவற்றில் ஏ.டி.பி.யின் அளவு உயர்கிறது. அவ்வுயர்வு உயிரணுச் சவ்விலுள்ள பொட்டாசியம் வழிகளை மூடச் செய்கிறது. அதன் தொடர்விளைவாக இன்சுலின் வெளிப்படுகிறது. சர்க்கரை ஏறிவிட்டது என்னும் செய்தியைக் கணையத்துக்குள் கொண்டு சேர்க்கும் தூதாக ஏ.டி.பி. நிற்கிறது. நீரிழிவு நோயாளிகள் பலர் நெடுங்காலமாக உண்டுவரும் ஒருவகை மாத்திரைகள் அதே பொட்டாசியம் வழிகளை மூடித்தான் இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. சுப்பாராவ் வாழ்ந்த காலத்தில் இவ்விளக்கம் எவருக்கும் தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்தே அது தெளிந்தது.

1930இல் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் நிலையான பேராசிரியர் பதவியைக் கொடுக்கவில்லை. கூட்டு ஆய்வின் புகழில் தமக்குரிய பங்கைக் கேட்டு வாங்கும் இயல்பும் சுப்பாராவுக்கு இல்லை. அவரோடு அக்காலத்தில் பழகியவரும், பின்னாளில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளை மற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், ஃபிஸ்கே அவருடைய பணியை வெளியே வரவிடாததே அதற்குக் காரணம் என்றும் குறைகூறியுள்ளார். இது ஒருதரப்பின் சான்று. எனினும் பல ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் உழைத்த அறிஞர் நிலையான பதவியின்றியே அங்கிருந்து வெளியேறினார் என்பதில் ஐயமில்லை.

ஈரலில் ஒளிந்திருந்த சத்து

1940ஆம் ஆண்டு சுப்பாராவ், நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். இரண்டாண்டுகளில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். ஹார்வர்டில் இருந்தபோதே ஈரல் சாற்றின்மேல் அவருடைய கவனம் திரும்பியிருந்தது. கொடிய குருதிச்சோகைக்கு ஈரலை உண்பது மருந்தாகும் என்று காட்டிய மூவருக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஈரலில் உள்ள எந்தப் பொருள் அவ்வேலையைச் செய்கிறது என்பது தெரியாதிருந்தது. சென்னையில் மூலிகையைப் பார்த்து அவர் கேட்ட வினா, வேறு வடிவில் மீண்டும் அவர்முன் வந்து நின்றது.

பம்பாயில் கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட குருதிச்சோகையை ஆராய்ந்த ஆங்கிலப் பெண் மருத்துவர் லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துகிறது என்று 1931இல் எழுதியிருந்தார். 1941இல் அமெரிக்க அறிஞர் சிலர், கீரை இலையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஈஸ்டிலும் ஈரலிலும் இலையிலும் இருந்தவை நெருங்கிய உறவுடையவை என்பது படிப்படியாகத் தெளிந்தது. சுப்பாராவின் குழு அச்சத்தை ஈரலிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை அறிந்து, 1945இல் ஆய்வகத்திலேயே செயற்கையாக உருவாக்கியது. டன் கணக்கான ஈரலிலிருந்து சில துகள்களைப் பெற்றுவந்த நிலை மாறி, வேண்டிய அளவு செய்துகொள்ளும் நிலை வந்தது.

அவர்கள் தேடியது கொடிய குருதிச்சோகைக்கான மருந்து. கிடைத்ததோ அதற்கு முழு மருந்தாகவில்லை. ஃபோலிக் அமிலம் அந்நோயாளிகளின் குருதியைச் சீராக்கியது. நரம்புச் சிதைவை நிறுத்தவில்லை. அதற்குரிய உண்மையான சத்தான பி12, 1948இல் வேறு ஆய்வகங்களில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் ஃபோலிக் அமிலம் மற்றொரு நோயில் வியக்கத்தக்க பயனைத் தந்தது. டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் கியூபா நாட்டில் அதை வெப்பமண்டல ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். நலிந்து கிடந்தவர்களுக்குச் சில நாள்களில் பசி எடுத்தது, நாக்குப் புண் ஆறியது, குருதி ஊறியது. உடன்பிறந்தார் இருவரை எட்டு நாள்களில் பறித்த கிராணிக்கு மருந்து கிடைத்துவிட்டது. அவர்கள் இறந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் வழங்கப்படும் நீல நிற மாத்திரையில் இரும்புச் சத்தோடு சேர்ந்திருப்பது இந்த ஃபோலிக் அமிலமே. கருவுறும் முன்பும் கருவுற்ற தொடக்கத்திலும் பெண்கள் இதை உட்கொண்டால், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவதில் நேரும் பெருங்குறைகள் பெருமளவு தவிர்க்கப்படும் என்பது 1991இல் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டது.

திறக்காத சாவி

குருதியணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும் என்றால், கட்டின்றிப் பெருகும் புற்றணுக்களுக்கும் அது வேண்டும் அன்றோ? பூட்டுக்குள் நுழைந்து, ஆனால் திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவியைப்போல, ஃபோலிக் அமிலத்தை ஒத்த போலிப் பொருளை உயிரணுவுக்குக் கொடுத்தால் அதன் பெருக்கம் தடைபடும் என்னும் சிந்தனை எழுந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிந்த சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு முதலில் ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். அவை நோயைத் தூண்டுவதாகவே அவருக்குத் தோன்றியது. அத்தோல்வியே வழிகாட்டியது. சுப்பாராவின் குழு உருவாக்கி அனுப்பிய எதிர்ப்பொருள்களுள் அமினோப்டெரின் என்பதை அவர் பயன்படுத்தினார். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. தணிவு நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. எனினும் அதுவரை அந்நோய்க்கு எந்த மருந்தும் அசைந்துகொடுத்ததில்லை. வேதிமருந்தால் புற்றுநோயை எதிர்க்கலாம் என்னும் நம்பிக்கைக்கு அந்தப் பத்துக் குழந்தைகள் வித்திட்டனர்.

அமினோப்டெரினை விடப் பாதுகாப்பான மெத்தோட்ரெக்சேட்டும் அதே குழுவின் ஆக்கமே. கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை 1950களில் அது முற்றிலும் குணப்படுத்தியது. பின்னர் அதற்கு எவரும் எதிர்பாராத வேறொரு பணியும் வந்து சேர்ந்தது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களே உடலின் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாத நோயில், வாரம் ஒருமுறை சிறிய அளவில் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் அத்தாக்குதலை அடக்குகிறது. அமெரிக்க அரசு 1988இல் அப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. புற்றுநோய்க்கெனப் பிறந்த மருந்து நோயெதிர்ப்பியலின் மருந்தாகவும் வளர்ந்தது. இன்று உலகெங்கும் முடக்குவாத நோயாளிகளுக்கு மருத்துவர் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் இதுவே.

மண்ணும் புழுவும்

இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் பலரை யானைக்கால் நோய்க்கிருமி தொற்றியது. ஆர்சனிக், ஆன்டிமனி ஆகிய நச்சுத் தனிமங்கள் கலந்த மருந்துகளே அதற்கு அப்போது இருந்தன. அவை நோயாளியையும் வாட்டின. சுப்பாராவின் குழு எண்ணற்ற சேர்மங்களைச் சோதித்து, வாயால் உட்கொள்ளத்தக்க டைஎதில்கார்பமசினைக் கண்டறிந்து, ஹெட்ரசான் என்னும் பெயரில் 1947இல் வெளிக்கொணர்ந்தது. போர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, குருதியில் நெளிந்த நுண்புழுக்கள் விரைவில் மறைந்தன.

இம்மருந்தில் ஒரு புதிர் உண்டு. சோதனைக்குழாயில் நுண்புழுக்களின்மேல் இதை ஊற்றினால் அவை எளிதில் இறப்பதில்லை. மனித உடலுக்குள் சென்றால் மட்டும் இறக்கின்றன. மருந்து தனித்து நின்று கொல்லவில்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலிடம் புழுக்களைக் காட்டிக்கொடுக்கிறது என்பதே ஆய்வாளர்கள் இதற்குத் தரும் விளக்கம். வளர்ந்த புழுக்களுள் ஒரு பகுதியும் இதனால் மடிகின்றன. வீங்கிப் பெருத்த காலை இம்மருந்து பழையபடி ஆக்கிவிடாது. ஆனால் ஊரில் அனைவரும் உட்கொண்டால், குருதியில் நுண்புழு இல்லாமற்போகும். கொசு கடித்தாலும் பரப்புவதற்கு எதுவும் இராது. நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களில் நோயில்லாதவரையும் மாத்திரை விழுங்கச் சொன்னதன் காரணம் அதுவே.

மண்ணிலிருந்து மருந்து தேடும் முயற்சியும் அதே ஆய்வகத்தில் நடந்தது. பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பிய பெஞ்சமின் டக்கர் என்னும் எழுபது வயது கடந்த தாவரவியல் அறிஞரை லெடர்லே பணியில் அமர்த்தியிருந்தது. பல ஊர்களிலிருந்து வரவழைத்த மண் மாதிரிகளை டக்கர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மிசௌரி மாநிலத்து வயல் ஒன்றின் மண்ணில், பொன்மஞ்சள் நிறமுடைய நுண்ணுயிர் ஒன்று 1945இல் அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்து பெறப்பட்ட ஆரியோமைசின், பின்னர் டெட்ராசைக்ளின் எனப் பெயர்பெற்ற மருந்துக் குடும்பத்தின் முதல் உறுப்பினர். பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகளை அது அடக்கியது. 1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க்கில் அம்மருந்தைப் பற்றி அறிஞர் அவையில் விரிவாக எடுத்துரைத்தனர். ஆய்வை வழிநடத்திய சுப்பாராவ் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. தம் குழுவினரின் கட்டுரைகளில் தம் பெயரைச் சேர்க்காமல் விடுவது அவருக்கு வழக்கமாகவே இருந்தது. செய்தியாளர் அவரைத் தேடாமற்போனதில் வியப்பில்லை.

அடுத்த மாதம், ஆகஸ்டு 1948இல், ஓர் இரவில் உறங்கச் சென்றவர் எழவில்லை. மாரடைப்பு. வயது 53. ஆரியோமைசின் விற்பனைக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது அதே ஆண்டு டிசம்பரில்.

இருபத்தாறு ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெறவில்லை. இந்தியர் குடியுரிமை பெறத் தடையாக இருந்த சட்டம் 1946இல் மாறியபின்னும் அவர் இந்தியராகவே இருந்தார். இந்திய அரசு அவருடைய நூற்றாண்டையொட்டி 1995இல் அஞ்சல்தலை வெளியிட்டது. அவருடன் பணியாற்றிய அறிவியலாளர்கள் 1950களிலேயே, புதிதாகக் கண்டறிந்த பூஞ்சை ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் சூட்டியிருந்தனர். பூஞ்சையியல் நூல்களைப் புரட்டுவோர் கண்ணில் மட்டும் படும் இடம் அது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த அளவு வெளிச்சத்துக்குக்கூட இணங்கியிருப்பாரா என்பது ஐயமே.